‘அலட்சியமாக’ என்று நான் எழுதியது

11, திங்கள்
காலையிலேயே புழுக்கம். ராயபுரம், மீனுக்கு ஐஸ் தரும் கம்பெனியில் அமோனியா கசிவு. கேட்டுக்கு எதிரே நின்றேன். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். கடைசியாக ஒருவர், முகத்தில் ஈரத்துண்டு, கடைத்தெருவுக்குப் போவதுபோல நடந்து. வாட்ச்மேன் பெயர் சொன்னார்: மன்சூர், ஆபரேட்டர். பேப்பருக்கு எழுதி அனுப்பினேன்: ‘ஆபரேட்டர் மன்சூர் அலட்சியமாக நடந்து வந்தார்.’ மூன்று பேருக்கு மூச்சுத்திணறல். உயிர்ச்சேதம் இல்லை. கண் இன்னும் எரிகிறது.

12, செவ்வாய்
செய்தி மூன்றாம் பக்கம். வாங்க வேண்டியது: புளி, கண் சொட்டு மருந்து.
மதியம் ஆபீசுக்குப் போன். மன்சூரின் மனைவி.
“இன்னா சார் எழுதிகீறீங்க? பேப்பரைக் காட்டி அவரை வூட்டுக்கு அனுப்பிட்டானுங்க. வியாழக்கிழமை விசாரணையாம். வேலை பூட்டா நீங்களா வந்து சோறு போடுவீங்க?”
பார்த்ததைத்தான் எழுதினேன் என்றேன்.
“கண்ணு பாத்துச்சு, சரி. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”
வீட்டு விலாசம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

13, புதன்
தூறல். தண்டையார்பேட்டை, மன்சூர் வீடு. டீ கொடுத்தார். கோபமே இல்லை, அதுதான் கஷ்டம்.
“ஓடுனா மூச்சு வாங்கும் சார். மூச்சு வாங்குனா கேஸு உள்ள பூடும். வால்வை மூடிட்டு, காத்து எந்தப் பக்கம்னு பாத்துகினு நடந்தேன். நாங்க பழகுனது அப்டி.”
உள்ளிருந்து மனைவி: “எனக்கு வலி எடுத்தப்போகூட இந்த மனுசன் இப்டித்தான் நடந்தாரு.”
சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.
அலட்சியம்: பொருட்படுத்தாமை. இவருடையது பொருட்படுத்தியதால் வந்த நிதானம். தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நடை. இத்தனை வருடத்தில் எத்தனை டிரைவர், எத்தனை நர்ஸ் மேல் இந்தச் சொல்லை ஏற்றியிருப்பேன்?
ஆபீசில் திருத்தம் போடக் கேட்டேன். செய்தி ஆசிரியர்: “ஒரு வார்த்தைக்கெல்லாம் திருத்தம் போட்டா, நாளைக்குப் பேப்பர் முழுக்கத் திருத்தம்தான்யா வரும்.”

14, வியாழன்
விசாரணைக்கு நானே கம்பெனிக்குப் போனேன். மானேஜர் மேஜையில் என் செய்தியின் கட்டிங், அந்த ஒரு சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு.
“அலட்சியம்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார்?”
அவர் நடந்து வந்ததைப் பார்த்தேன், அலட்சியத்தை நான் சேர்த்தேன், என்றேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். மடித்து ஃபைலில் சொருகினார்.
“படிக்கலையே?”
“பாக்கலாம்.”
படிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். போன் இரண்டு பேசினார். பிறகு எடுத்துப் படித்தார். பெல் அடித்து, வெளியே காத்திருந்த மன்சூரை உள்ளே கூப்பிட்டார். கசிவுக்குப் பிறகு முதல்முறையாகக் கேட்டார்: “வால்வை மூடுனது யாருப்பா?”