நிருஷன் பாடிய நாலாவது ஆணி

2025 யூன் 8, ஞாயிறு

இன்று ஹோல் சுவரில் இருக்கும் படங்களைத் துடைத்தேன். மூத்த பேரன் கோகுலன் லண்டனில் டொக்டர். தனுஷிகா மெல்பேணில் கணக்காளர், சொந்த வீடும் வாங்கிவிட்டாள். சாருஜா கனடாவில் இஞ்சினியர், போன மாதம் பதவி உயர்வு. மூன்று பேரும் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நிற்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை மறித்தார்கள். அதனால்தானோ என்னவோ, அந்தத் தொப்பிகளை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குப் போதாது.

நாலாவது ஆணி வெறும் ஆணி. கடைசிப் பேரன் நிருஷன் கம்பசுக்கு எடுபட்ட வருடம், அவன் பட்டம் வாங்கிற படத்துக்கென்று அடிப்பித்தது. அவன் பாதியில் படிப்பை விட்டுவிட்டுக் கிற்றாரோடு திரிகிறான். எழுதவே கை கூசுகிறது.

பக்கத்து வீட்டுக் குணலட்சுமி வந்து, கடைசிப் பெடியன் எங்கே என்று கேட்டாள். வழக்கம்போல, கொழும்பில் கொம்பனி வேலை என்றேன். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போய்விட்டேன்.

யூன் 11

வருகிற சனி யாழ்ப்பாணத்தில் நிருஷனின் பாண்ட் குழுவுக்கு இசை நிகழ்ச்சியாம். அவன் தாய், என் மகள் உதயகலா, சொன்னாள். கொக்குவிலில் சிநேகிதன் வீட்டில் தங்குகிறானாம். தெல்லிப்பழையில் இந்த வீடு இருக்க!

"வரச் சொல்லன்" என்றேன்.

"நீங்கள் கூப்பிடுங்கோ அம்மா. வராதை எண்டது நீங்கள்தானே."

நான் அப்படிச் சொல்லவில்லை. கோகுலன் லண்டனிலிருந்து வந்து விருந்து வைத்தபோது, அந்த நீட்டுத் தலைமயிரோடு சபைக்குள் வராதே என்று நிருஷனிடம் சொன்னேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

யூன் 14

நிகழ்ச்சிக்கு உதயகலா போனாள். நான் போகவில்லை. கால் நோகுது என்று சொன்னேன்.

யூன் 15, ஞாயிறு

காலையில் ஐந்து பிள்ளைகள் மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்கினார்கள். நிருஷன் அண்ணையின் அம்மம்மா வீடு இதுதானோ என்று கேட்டார்கள். கூட்டி வந்தவன் கொக்குவில் கீர்த்திகன். மற்றவர்கள் நிகழ்ச்சி பார்க்கவென்றே மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள். ஹோலில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன்.

என்ன கதை அவர்களுக்கு! இரண்டாவது அல்பம்தான் திறம் என்றான் கீர்த்திகன். மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி விடவில்லை. முதல் அல்பம் அறைக்குள் வைத்துப் பதிந்ததாம், நடுவில் காகம் கத்துவதுகூடக் கேட்குமாம், அதுதான் உண்மையான பாட்டாம். இரண்டாவது, கஞ்சி போட்டு மினுக்கின சட்டை மாதிரியாம். இன்னொருவன், அல்பத்தை விடுங்கள், நேரே கேட்க வேணும் என்றான். அவர்கள் ஊர்க் கடற்கரையில் பாடும்போது மழை வந்து கறண்ட் போய்விட்டதாம். நிருஷன் மைக் இல்லாமல் மணலில் இறங்கி நின்று பாடினானாம். சனம் ஒன்றும் எழும்பவில்லையாம்.

"நனைஞ்சு கேட்டவைதான் கதைக்கலாம்" என்றான்.

"நீ குடைக்குள்ளை நிண்டு வடை திண்டனி" என்றாள் அந்தப் பிள்ளை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதி விளங்கவில்லை. ஆனால் நான் கோகுலனைப் பற்றிக் கதைக்கிற மாதிரி அவர்கள் என் நிருஷனைப் பற்றிக் கதைத்தார்கள்.

பிறகு எல்லாரும் சுவரைப் பார்க்கத் திரும்பினார்கள். நானும் எழும்பி நின்று, லண்டன், மெல்பேண், கனடா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர்கள் கண் படங்களில் இல்லை.

அந்தப் பிள்ளை மெல்லக் கேட்டாள்: "அம்மம்மா, நாலாவது ஆணி இதுதானே?"

கீர்த்திகன் அவளை முழங்கையால் இடித்தான். கேட்டது கேட்டதுதான். முதல் அல்பத்தில் அப்படி ஒரு பாட்டு இருக்கிறதாம். நேற்று வந்த சனம் எல்லாம் சேர்ந்து பாடினதாம். இவர்கள் என்னைப் பார்க்க வரவில்லை, இந்தச் சுவரைப் பார்க்க வந்தவர்கள்.

போனில் போட்டுக் காட்டினாள். அவன் குரல். டொக்டர் வருகிறார், இஞ்சினியர் வருகிறார். ஓர் அம்மம்மா வருகிறாள். கேட்கிறவர்களுக்கு அவன் கொழும்பில் வேலை என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போகிறாள். படங்களைத் துடைக்கிறபோது அந்த வெறும் ஆணியையும் துடைக்கிறாள்.

துடைக்கிறேனா? எனக்கே தெரியாதே.

சுவரைப் படம் எடுக்கலாமோ என்று கேட்டார்கள். எடுங்கோ என்றேன். கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன்.

யூன் 16

ஊரெல்லாம் பாடித் திரியிறான். மட்டக்களப்புக் கடற்கரையிலை சனம் மழைக்குள்ளை இருந்து என்ரை பொய்யைக் கேட்டிருக்குது. வீட்டுக் கதையை வீட்டுக்குள்ளை கதைக்கக் கூடாதோ? அவனுக்கு வாய் இல்லையோ?

அவன் கதைக்க வந்தபோது நான் எங்கை இருந்தனான்?

யூன் 17

சுவரைத் துடைக்கப் போனேன். கை தானாக அந்த ஆணிக்குப் போனது. துணியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

யூன் 19

நிருஷனுக்கு நானே போன் எடுத்தேன். ஒரு படம் கொண்டு வா, கிற்றாரோடு நிற்கிற படம் என்றாலும் சரி, சுவரில் கொழுவுகிறேன் என்றேன்.



"வேண்டாம் அம்மம்மா. உந்த ஆணியிலை என்ரை படம் தொங்கினால் நான் பாடுறது பொய்யாப் போடும்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நான் உனக்குச் செய்தது பிழைதானே என்று கேட்டேன். இல்லை அம்மம்மா என்று சொல்லுவான் என்றுதான் கேட்டேன்.

"ஓம்" என்றான்.

வீட்டுக்கு வருவியோ என்றேன். பாப்பம் என்றான்.

யூன் 22

குணலட்சுமி வந்தாள். அன்றைக்கு வந்த மோட்டார் சைக்கிள்காரர் யார் என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். நிருஷன் பாட்டுக்காரன், படிப்பை விட்டு எத்தனையோ காலம், கொம்பனி வேலை என்றது பொய்.

"அது தெரியும் அக்கா. என்ரை பேத்தி அவன்ரை நிகழ்ச்சியிலை முன்வரிசையிலை நிண்டு பாடினவள்."

தெரிந்துகொண்டே இவ்வளவு நாளும் தலையாட்டிக் கேட்டிருக்கிறாள். இவள் மட்டுமா? கோயிலில், கலியாண வீட்டில், நான் சொல்லச் சொல்ல எல்லாரும் ஓமோம் என்றார்களே. 

யூன் 25

பாண்டின் இரசிகர்கள் எழுதுகிற பேஸ்புக் பக்கத்தை உதயகலா என் போனில் எடுத்துத் தந்தாள். இன்னமும் முதல் அல்பமா இரண்டாவதா என்றுதான் பிடுங்குப்படுகிறார்கள். எங்கள் சுவரையும் போட்டிருக்கிறார்கள். அதன் கரையில் தட்டோடு போகிற என் முதுகு. கீழே நூற்றுக்கணக்கில் இருதயக் குறி. போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு இருந்தேன்.

நிகழ்ச்சிப் படங்களிலும் நிருஷனை வடிவாகக் காணவில்லை. ஒன்றில் மைக் வாயை மறைக்கிறது, ஒன்றில் மயிர் கண்ணை மறைக்கிறது, மற்றதெல்லாம் சிவப்பு வெளிச்சம்.

அந்தப் பக்கத்தில் நானும் எழுத வேணும் என்றேன். உதயகலா, தான் எழுதித் தாறன் என்றாள். விடவில்லை. ஒரு விரலால் நானே எழுதினேன்:

"நான் நாகேஸ்வரி. நிருஷனின் அம்மம்மா. பாட்டில் வருகிறது நான்தான். முதுகு காட்டிப் போகிறதும் நான்தான். பிள்ளைகளே, அவனை நான் பார்த்து இரண்டு வருடமாகிறது. முகம் தெரிகிற மாதிரிப் புதுப் படம் ஒன்று போடுங்கோ."