சாக்கைப் பிடுங்கிவிடுங்கள்

மச்சான்,

நீங்கள் பாகூர் கிளம்பியதுமே பிள்ளை பரிதாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கமருதீன் அண்ணன் காரில் பாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

இந்த அடைமழையில் பிள்ளைக்குக் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை. அண்ணன் பாரிசிலிருந்து கொண்டுவந்த துணி காயவைக்கிற மெஷின் ஏன் சரியாகக் காயவைக்கவில்லை என்று இப்போதுதான் பார்த்தேன். எலி புகுந்துவிடும் என்று பின்பக்கக் குழாயில் கடைச் சாக்கைத் திணித்து வைத்திருக்கிறீர்கள். ஆவி எப்படி வெளியே போகும்? நேற்றுக் கேட்டதற்கு, "மெஷினு இன்னா பண்ணும், ஒனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்றீர்கள். அந்த ஈரத்துணியில்தானே பிள்ளை ராத்திரியெல்லாம் கிடந்தது!

சாக்கு என் கைக்கு வரவில்லை, நீங்கள் பிடுங்குங்கள். கதவோரச் சல்லடையில் அடைந்திருக்கும் பஞ்சையும் வழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் துணி தீய்ந்துவிடும். துணியை உள்ளே போட்டுவைத்திருக்கிறேன். காய்ந்ததும் எடுத்து வாருங்கள்.

சோறு சட்டியில் இருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டு அமுதம் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

சுரையா

கரண்டு இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம். துணி ஈரமாகவே இருக்கட்டும், சண்டையும் அப்படியே இருக்கட்டும், நீங்கள் வந்துவிடுங்கள். பிள்ளை இப்போது அழக்கூட மாட்டேன் என்கிறது.