படம் என்று மட்டும் சொன்ன அறிவிப்பு

என் அருமை ரெஜினா அக்கா,

நீ போன பிறகு உன் போன் பாகூர் வீட்டில் அம்மாவிடம்தான் இருக்கிறது. தினமும் சார்ஜ் போடுகிறாள். தொட்டால் பேசுகிற அந்தக் குரலைக் கேட்டால் நீ உள்ளே இருப்பது மாதிரி இருக்கிறதாம். கண் தெரியாத உனக்கு எல்லாவற்றையும் படித்துச் சொன்னது அதுதானே. என்னைவிட அது உனக்கு அதிகம் உழைத்தது.

அந்தப் பள்ளிக்கூட வேலை நினைவிருக்கிறதா? டெலிபோன் எடுத்துப் பேசுகிற வேலை. அவர்களுடைய வெப்சைட்டைச் செய்தவன் நான். அறிவிப்பைச் சீல் குத்திப் பேப்பராகக் கொடுத்தார்கள். படித்துக்கூடப் பார்க்காமல் ஸ்கேன் செய்து, படமாகப் போட்டுவிட்டேன். படத்துக்குள் இருக்கிற எழுத்தை உன் போனால் படிக்க முடியாது. நம் ஊர்ப் பக்கம் பலரும் அப்படித்தான் போடுகிறோம்.

“இன்னாடா இது, படம்னு மட்டும் சொல்லுது? உள்ள இன்னா எழுதியிருக்கு?” என்று போனில் கேட்டாய்.

“சீல் தெரிஞ்சாதான்கா ஜனங்க நம்பும். நானே வந்து படிச்சுக் காட்டறேன்.”

“நீ எப்போ வர்றது, நா எப்போ அப்ளை பண்றது? எழுத்தாவே போடேன்டா.”

பத்து நிமிட வேலை. சோம்பேறித்தனம் அக்கா, வேறொன்றும் இல்லை. நான் வீட்டுக்கு வந்தபோது கடைசி நாள் தாண்டியிருந்தது. அதை மட்டும் சொன்னேன். “வுடுடா” என்றாய். திட்டியிருக்கலாம். அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன மாதம் என்ன நடந்தது தெரியுமா? வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு நான் செய்த வெப்சைட் திரும்பி வந்துவிட்டது. பார்வையில்லாதவர்கள் படிக்க முடியாதபடி பக்கம் போட்டால் அவர்கள் ஊர்ச் சட்டம் விடாதாம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதினேன், ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைத்தேன். நம் நாட்டிலும் அப்படிச் சட்டம் இருக்கிறது, அக்கா. நீ இருந்தபோதே இருந்திருக்கிறது. முகம் தெரியாத யாருக்கோ செய்ததை, ஒரே தட்டில் சாப்பிட்ட உனக்கு நான் ஏன் செய்யவில்லை?

மனசு கேட்காமல் அந்தப் பழைய அறிவிப்பைத் தேடி எடுத்தேன். அன்றுதான் முழுதாகப் படித்தேன். கடைசி வரியில், பார்வையற்றவர்களுக்கு முன்னுரிமை என்று போட்டிருந்தது. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

இனி நான் செய்கிற எந்தப் பக்கத்தையும், கண்ணை மூடிக்கொண்டு உன் போனில் கடைசி வரி வரைக்கும் கேட்ட பிறகுதான் கொடுப்பேன். உனக்கு உதவாத சத்தியம்தான். இருந்தாலும் செய்கிறேன்.

படித்துக் காட்ட வராத உன் தம்பி,
ஜோசப்