முகத்தின் மேல் கால்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. பயிற்சி ஷெட்டில் மூன்று இடத்தில் ஒழுகல். ஓரத்து ரப்பர் மேட்களையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு நடுவில் மட்டும் பயிற்சி. எடை அரைக் கிலோ அதிகம். முழங்கால் பட்டை துவைக்கணும். முட்டை.

16-ஆம் தேதி சென்னையில் கூண்டுச் சண்டை, குத்து, உதை, பிடி மூன்றும் உண்டு. எதிரே ரோஸ்லின். இதுவரை யாரிடமும் தோற்காதவள். நான் கடைசி இரண்டிலும் தோல்வி. இதுவும் போனால் நடத்துகிறவர்கள் இனி கூப்பிட மாட்டார்கள். முப்பத்திரண்டு வயதுக்காரியை எதற்குக் கூப்பிடணும்? பாவா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கணவரும் அவரே, மாஸ்டரும் அவரே. சொல்லாததும் எனக்குக் கேட்டுவிடுகிறது.

சாயங்காலம் தோற்ற இரண்டு சண்டையையும் போனில் போட்டார். இரண்டிலும் ஒரே இடம். எதிராளியின் கை என் பிடியில். முழங்கையை எதிர்ப்பக்கம் வளைத்துப் பூட்ட என் கால் அவள் முகத்தைத் தாண்டிப் போகணும். கால் முகத்தில் படுகிறது. உடனே என் வலது கை பிடியை விட்டுவிட்டு அவள் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. பஸ்ஸில் யார்மேலாவது கால் பட்டால் செய்வோமே, அதே. அவ்வளவுதான், அவள் உருவிக்கொண்டு எழுந்து என்மேல் ஏறிவிடுகிறாள்.

இரண்டு தடவையும். எனக்கே தெரியாமல். பாவா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன். அப்புறம் குளிக்கப் போன இடத்தில் அழுகை வந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் நின்றபடியே ரோஸ்லின் வீடியோக்கள்.

குத்து: சுமார்.
உதை: என்னைவிட மோசம்.
உடம்பு: பெரிய பலசாலி மாதிரி இல்லை.
வாய் திறந்து மூச்சு வாங்கியதாக ஒரு வீடியோவிலும் இல்லை.

பின்னே எப்படி? கீழே கிடக்கிறவள் நகரப் பார்க்கும்போது இவள் ஏற்கெனவே அங்கே இருக்கிறாள். அடிப்பதே கம்மி. சும்மா படுத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் கீழே இருப்பவள் முகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது.

பக்கத்துச் சீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சண்டையா, இல்ல தூங்குதுங்களா?" என்று கேட்டார். லுங்கிக் கடைக்குள் போய் பில் போட உட்கார்ந்த பிறகும் அதே யோசனை. இரண்டு பில் தப்பு. முதலாளி முறைத்தார்.

நவம்பர் 5, புதன்

பாவா மேட் மேல் மல்லாக்கப் படுத்துவிட்டார். என் முகத்தில் கால் வை, கண்ணைத் தொடாதே, அதுதான் இனி பயிற்சி என்றார். மாட்டேன் என்றேன். ரோஸ்லின் முகம் என்று நினைத்துக்கொள் என்றார். மீசை வைத்த ரோஸ்லின்!

வைத்தேன். கை போனது. திட்டு. மறுபடி வைத்தேன், மறுபடி போனது. கடைசியில் என் கையை எதிராளி மணிக்கட்டோடு துண்டால் கட்டிவிட்டார், அதாவது தன் மணிக்கட்டோடு. கால் அவர் கன்னத்தின் மேல், நான் பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து அத்தை. குடையும் முட்டை டப்பாவும். பெற்ற பிள்ளை கீழே, மருமகள் கால் அவன் முகத்தில். பாவா காலுக்கு அடியிலிருந்தே, "ஒண்ணுமில்லம்மா, பிராக்டிஸ்" என்கிறார்.

அத்தை டப்பாவை வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்தபின் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் தள்ளிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார். அங்கே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது மட்டும் கேட்டது: "ஆங், நல்லாத்தான் கீறாங்க ரெண்டு பேரும்." அந்தக் குரலே சரியில்லை.

நவம்பர் 6, வியாழன்

கிருத்திகை. அத்தைக்காக மலைக்கோயிலுக்குப் போனோம். சமாதானம் பண்ணலாம் என்றுதான். வரிசையில் சரியான நெரிசல். இரும்புக் கம்பியோடு கம்பியாக ஒட்டிவிட்டேன். பின்னால் வந்த ஒரு குள்ளமான அம்மா, கையில் பூக்கூடை, என்னைத் தாண்டிப் போய்விட்டார். தள்ளவே இல்லை. நான் மூச்சு விட்டு நெஞ்சு இறங்கினால் அந்த இடத்துக்குத் தோள் வருகிறது. கால் மாற்றினால் அந்த இடத்துக்கு முட்டி வருகிறது. விட்ட இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. கோபப்படக்கூட எனக்கு நேரமில்லை, மூச்சுக்கே அவசரம்.

இதைத்தான் ரோஸ்லின் செய்கிறாள். பலமெல்லாம் அப்புறம். இடம் விடாமல் இருந்தாலே போதும், மற்றவளுக்கு அவசரம் வந்துவிடும், அவசரத்தில் கையை நீட்டுவாள். நான் என்ன செய்கிறேன்? மேலே ஏறி உட்கார்ந்து, பூட்டும் போட்டு, மன்னிப்புக் கேட்க ஒரு கை அளவு இடம் விடுகிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சன்னதியில் என்ன வேண்டினேன் என்று எழுத மாட்டேன். அத்தை இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், படி வழுக்கும் என்று.

நவம்பர் 12, புதன்

ஆறு நாளாக எழுதவில்லை. உடம்பெல்லாம் வலி. இடது காது வீக்கம். எடை சரி.

இன்று துண்டு இல்லாமலே. கால் பாவா முகத்தில், இரண்டு கையும் பிடியில், ஒன்றுகூட நழுவவில்லை. "வந்துட்ச்சி," என்றார், கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே. சந்தோஷம்தான். ஆனால் பழக்கிய நாய் சொன்னபடி உட்காருமே, அந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

நவம்பர் 16, ஞாயிறு

திரும்பும் ரயில். மணவூர் தாண்டியாச்சு. விரல் வீக்கம், எழுத்து கோணல்.

ஜெயித்துவிட்டேன்.

முதல் ரவுண்டு முழுக்க அவளுடையது. கூண்டுக் கம்பியோடு என்னை ஒட்டவைத்து, தோளைத் தாடைக்கு அடியில் கொடுத்து நின்றாள். அவள் அனுமதித்தபோதுதான் மூச்சு விட்டேன். இடைவேளையில் பாவா தண்ணீர் ஊற்றிவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "அடிக்காத. இடம் விடாத."

இரண்டாவதில் அவள் கால் வழுக்கியது. மேலே விழுந்தேன். அப்புறம் நான் நகரவே இல்லை, அவள் நகர்ந்தால் மட்டும் நகர்ந்தேன். ரொம்ப நேரம். அவள் வாய் திறந்தது. எந்த வீடியோவிலும் திறக்காத வாய். கையை நீட்டி என் முகத்தைத் தள்ளினாள். கையைப் பிடித்தேன், காலை முகத்துக்கு மேல் போட்டேன், இடுப்பைத் தூக்கினேன். தோற்றேன், விட்டுவிடு என்று என் தொடையில் தட்டினாள்.

கண்ணுக்குக் கை போகவில்லை. போகணும் என்று தோன்றவும் இல்லை. அப்புறம் அவளைப் பார்க்கப் போனேன். கன்னத்தில் ஐஸ். கை கொடுத்தாள், நல்ல பெண். ஜனவரிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாவா என் தோளில் சாய்ந்து தூங்குகிறார். நான் ஜெயித்ததை யாரிடமாவது சொல்லணும் போல இருக்கிறது, யாரிடமும் சொல்ல வேண்டாம் போலவும் இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

வெயில். கடைக்கு லீவு சொல்லியாச்சு. மேட் காயப்போட்டோம்.

அத்தை தானாகவே வந்து சண்டை வீடியோவைக் காட்டச் சொன்னார். இதுவரை ஒரு சண்டைகூடப் பார்த்தவர் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நான் கம்பியில் நசுங்கியபோது, "இன்னாடி இது, இப்டி கொல்றா" என்றார். நான் மேலே இருக்கும் இடம் வந்தது. என் கால் ரோஸ்லின் முகத்தின் மேல் விழுந்தது.

அத்தை சட்டென்று விரலால் போனில் அந்தப் பெண் முகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரல் பட்டதில் வீடியோ அங்கேயே நின்றுவிட்டது.