கேன்டீன் பலகையில் வந்த வார்த்தை

ஓசூர்
வைகாசி 20

மரியாதைக்குரிய கிருஷ்ணப்பன் மச்சானுக்கு,

உங்கள் தங்கை மாதேஸ்வரியின் வீட்டுக்காரன் ராஜசேகர் எழுதுகிறேன். பேரைப் பார்த்ததும் மடித்து ஓரமாக வைத்துவிடாதீர்கள். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். எனக்கு ஒரு வார்த்தை கிடைத்திருக்கிறது மச்சான். அப்படி ஒரு வார்த்தை இருக்கும் என்பதே தெரியாமல் முப்பத்தாறு வருஷத்தை ஓட்டியிருக்கிறேன்.

போன் பண்ணியிருப்பேன். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து ஐந்து வருஷம் ஆகிறது. உங்கள் வீட்டு ருக்மணி அக்காதான் மாதேஸ்வரியிடம் யோசனை சொன்னார். "உங்க வூட்டுக்காரர லெட்டர் போடச் சொல்லு. போஸ்ட்ல வந்தத பிரிக்காம இருக்க உங்கண்ணனுக்கு மனசு கேக்காது" என்றாராம். பிரித்துவிட்டீர்கள் என்றால் அக்கா சொன்னது சரிதான். தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள்.

எங்கள் கம்பெனி கேன்டீன் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. பஸ் நேரம், ஹெல்மெட் போடுங்கள், இப்படி ஏதாவது எழுதியிருக்கும். போன தை மாதம் எச்.ஆருக்கு ரூபா என்று ஒரு மேடம் வந்தார், பர்கூர்ப் பெண். வேலைக்காரர்களுக்கு இங்கிலீஷ் வரட்டும் என்று தினம் ஒரு வார்த்தை எழுத ஆரம்பித்தார். டேபிள், சேர் மாதிரி இல்லை. கிரேக்க மொழியிலிருந்து இங்கிலீஷுக்கு வந்து, யார் வாயிலும் அதிகம் புழங்காத வார்த்தையாகப் பார்த்து எழுதுவார். கீழே அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, எந்தத் துண்டுக்கு என்ன பொருள் என்று தமிழில் போட்டிருப்பார். தினம் மெஷினைக் கழற்றி மாட்டுகிற ஆட்களுக்கு இது பிடிக்காமல் போகுமா? சாப்பாட்டு வரிசையைவிடப் பலகைக்கு முன்னால் கூட்டம் அதிகமாகிவிட்டது.

முதல் வாரம் 'சைகோஃபண்ட்' வந்தது. ஒரு துண்டு அத்திப்பழம், இன்னொரு துண்டு காட்டுவது. ஏன் அத்திப்பழம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கே சரியாகத் தெரியாதாம். ஆனால் அர்த்தம், மேலே இருப்பவருக்கு ஜால்ரா அடிக்கிறவன். அன்றிலிருந்து எங்கள் லைனில் ஒருவருக்கு அத்திப்பழம் என்றே பேர் நிலைத்துவிட்டது, அவரும் திரும்பிப் பார்க்கிறார். முதல் மழை பெய்த அன்று 'பெட்ரிகோர்'. பெட்ரா என்றால் கல், இகோர் என்றால் அவர்கள் தெய்வங்களின் உடம்பில் ஓடுகிற ரத்தம். இரண்டையும் சேர்த்தால் காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் எழும் வாசனை. கல்லுக்குள் சாமி ரத்தம் ஓடுகிறது என்று எவனுக்கோ தோன்றியிருக்கிறது பாருங்கள். எனக்குப் பைத்தியம் பிடித்தமாதிரி ஆகிவிட்டது. நோட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். மாதேஸ்வரி, "இந்த வயசுல பரீட்சையா எழுதப் போறீங்க" என்று கேலி செய்தாள்.

எண்பத்து மூன்றாவது வார்த்தைதான் நான் சொல்ல வந்தது. சித்திரை கடைசி வாரம், மதிய ஷிப்ட். தட்டில் சோறு வாங்கிக்கொண்டு வந்து பலகையைப் பார்க்கிறேன். 'புரோசோபக்னோசியா' என்று எழுதியிருக்கிறது. புரோசோபோன் என்றால் முகம். அக்னோசியா என்றால் அறியாமை. கீழே ஒரே வரி: "பார்வை நன்றாக இருந்தும், பழகிய முகங்களைக்கூட அடையாளம் காண முடியாத நிலை. சிலருக்குப் பிறவியிலேயே உண்டு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். என் பக்கத்து மெஷின்காரன் சுடலைமுத்து, திருச்செந்தூர்ப் பக்கம், பின்னாலிருந்து, "என்னவே, சாம்பார் ஆறிட்டு. பலகையவே திங்கப் போறீரா" என்றான். அன்று நான் சாப்பிடவே இல்லை.

மச்சான், எல்லோருக்கும் என்னை மாதிரித்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்குக் கண் தெரியும், மூக்கு தெரியும், வாய் தெரியும். ஒவ்வொன்றாகத் தெரியும். பார்வையை எடுத்தால் எல்லாம் கலைந்துபோகும், சேர்ந்து ஒரு ஆளாக மனதில் நிற்காது. ஆளை நான் குரலில் பிடிப்பேன், நடையில் பிடிப்பேன், முடியில், மீசையில் பிடிப்பேன். மாதேஸ்வரியைக் கொலுசுச் சத்தத்தில் தெரியும். கம்பெனி வேலை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது தெரியுமா? எல்லோர் சட்டைப் பையிலும் பேர் தைத்திருக்கும். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால் அதே ஆட்களைத் தெரியாமல் போய்விடும். "ராஜசேகருக்குத் தலைக்கனம்" என்று ஊரே சொல்லும். அதே நான்தான் பேரிங்கில் முடி அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துத் தள்ளுகிறேன். இரும்பின் முகம் தெரிகிறது, மனுஷன் முகம் தெரியவில்லை.

பலகையை நம்பி முடிவு கட்டக் கூடாது என்று மாதேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு பெங்களூரில் மூளை டாக்டரிடம் போனேன். அவள் போனிலிருந்த போட்டோக்களை வாங்கி, முடியையும் காதையும் மறைத்துவிட்டு, முகத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டினார். இருபதில் மூன்றுதான் சொன்னேன், அதில் ஒன்று மச்சத்தை வைத்துச் சொன்னது. பதினொன்றாவது முகத்தைப் பார்த்து, "யாரோ பையன்" என்றேன். மாதேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். அது எங்கள் லச்சி. பதினைந்தாவது முகத்தையும் தெரியாது என்றேன். அது நான்.

இது நோய் இல்லை, மூளை பிறவியிலேயே அப்படி அமைந்திருக்கிறது, மருந்து கிடையாது என்றார் டாக்டர். மருந்து கிடையாது என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டியது. மாதேஸ்வரி கேட்டாள், "அப்ப அன்னிக்கி எங்கண்ணன நெசமாவே தெரியலயா உங்களுக்கு?" தெரியவில்லை என்றேன். "அஞ்சு வருசமா திமிர் புடிச்ச ஆளுன்னு நெனச்சிகிட்டே உங்களுக்குச் சோறு போட்டேனே" என்று அழுதாள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சிரித்தாள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் பக்கத்துக் கதையை நீங்கள் கேட்டதில்லை.

லச்சிக்குப் பேர் வைத்த அன்று, எங்கள் வாசல் பந்தலில் தாய்மாமனுக்குப் போட மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். ஸ்பீக்கரில் நாதஸ்வரம் காதைப் பிளக்கிறது. என் மனதில் இருக்கிற கிருஷ்ணப்பன் மச்சான் யார்? சுருட்டை முடி, முறுக்கு மீசை. தங்கை பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று நீங்கள் திருப்பதிக்கு நேர்ந்துகொண்டதோ, முடியும் மீசையும் கொடுத்துவிட்டு நேராக வருவதோ எனக்குத் தெரியாது. மொட்டைத் தலையும் தோளில் மாம்பழக் கூடையுமாக ஒருவர் வந்தார். ஏதோ சொன்னீர்கள், நாதஸ்வரத்தில் குரல் கேட்கவில்லை. கூடை சுமந்து வந்த ஆள் என்று நினைத்து, "வழியில நிக்காத. பின்பக்கமா போயி சமையல்கட்டுல எறக்கி வைப்பா" என்றேன். சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் முறுக்கு மீசையோடு நின்ற பந்தல்காரர் ஆஞ்சப்பனின் கழுத்தில் மாலையைப் போட்டேன். அந்த மனுஷன், "எனக்கு எதுக்குங்க இது" என்று முழித்தார். ஊரே பார்த்தது. நீங்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தீர்கள்.

அதற்கு அப்புறம் நான் செய்ததுதான் பெரிய தப்பு. ஏன்டா இப்படிச் செய்தாய் என்று எல்லோரும் கேட்டபோது, சொந்த மச்சானையே தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன். "மொட்டையப் பாத்துட்டு சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்" என்று பொய் சொன்னேன். என் மனைவிக்காகவும் என் குழந்தைக்காகவும் நீங்கள் சாமிக்குக் கொடுத்த முடியை நான் கேலி செய்ததாக ஆகிவிட்டது. அந்தப் பேச்சு அன்று சாயந்திரமே வேப்பனப்பள்ளிக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இந்த வார்த்தையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, என் மேல் தப்பில்லை என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அப்படித்தான் முதலில் எழுதினேன், கிழித்துப் போட்டுவிட்டேன். ஏனென்றால் போன வாரம் ரூபா மேடம் இன்னொரு வார்த்தை எழுதினார், 'ஃபிலோக்ஸீனியா'. ஒரு துண்டு அன்பு, இன்னொரு துண்டு அந்நியன். முன்பின் தெரியாதவரிடம் காட்டுகிற அன்பு. அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. உங்களை அடையாளம் தெரியாமல் போனது என் மூளை செய்தது. ஆனால் யார் என்றே தெரியாத ஒரு ஆள், பாரம் சுமந்துகொண்டு என் வீட்டு விசேஷத்துக்கு வந்தால், வாங்க என்று சொல்லாமல் பின்பக்கம் போ என்று விரட்டினேனே, அது மூளை இல்லை, என் குணம். கூடைக்காரர் என்றாலும் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். நீங்களாக இல்லாமல் வேறு யாராக இருந்தாலும் அது தப்புதான். அதற்கும், சொன்ன பொய்க்கும் உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

வேப்பனப்பள்ளியில் எல்லோரும் சுகம்தானே? இந்த வருஷம் காற்றில் பிஞ்சு நிறையக் கொட்டியது என்று கேள்விப்பட்டேன். மிச்சமாவது நல்லபடி பழுத்து வரட்டும். அக்காவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் சுகம். லச்சி எல்.கே.ஜி. முடித்துவிட்டாள். உங்கள் அம்மா முனிலட்சுமியின் பேரை வைத்ததாலோ என்னவோ, உங்கள் வீட்டுப் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

அவளுக்கு இன்னும் காது குத்தவில்லை மச்சான். ஒரு வயதில் குத்தலாம் என்றோம், போயிற்று. மூன்றில் குத்தலாம் என்றோம், அதுவும் போயிற்று. இப்போது ஐந்து. மாதேஸ்வரியின் சித்தப்பா மகன் ஒருவரை மாமனாக உட்கார வைக்கலாம் என்று என் பக்கத்து ஆட்கள் சொன்னார்கள். "எங்கண்ணன் இருக்கையில எம்புள்ளைக்கு இன்னொருத்தர் மடியா" என்று மாதேஸ்வரி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். ஸ்கூலில் பிள்ளைகள் லச்சியைப் பையன், பையன் என்கிறார்களாம். காலையில் இரண்டு ஸ்டிக்கர் பொட்டைக் காதில் ஒட்டிக்கொண்டு போகிறாள். சாயந்திரம் வரும்போது ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

வருகிற ஆனி ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நாகரசம்பட்டியில் எங்கள் முனியப்பன் கோயிலில் நாள் குறித்திருக்கிறோம். சுடலைமுத்துவிடம் சொன்னபோது, வருகிறவர்கள் எல்லோர் சட்டையிலும் பேர் தைத்துவிடலாம், உமக்கு வசதி என்றான். அவன் சிரிப்புக்குச் சொன்னாலும் லச்சி பிடித்துக்கொண்டாள். அட்டையில் எல்லோருக்கும் பேர் எழுதி ஊக்கு மாட்டி வைத்திருக்கிறாள். முதல் அட்டையில் மாமா என்று மட்டும் எழுதியிருக்கிறாள், உங்கள் பேர் நீளமாக இருக்கிறதாம். நீங்கள் அதைக் குத்திக்கொள்ள வேண்டும் என்று இல்லை. மீசை வைத்திருக்கிறீர்களா, எடுத்துவிட்டீர்களா என்பதுகூட எனக்குத் தெரிய வேண்டாம். கிட்டே வந்து "மாப்பிள்ள" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் குரலை நான் ஐந்து வருஷத்தில் மறக்கவில்லை.

இன்னும் ஒன்று, எனக்கு ஒரு பயம் இருப்பதை மாதேஸ்வரியிடம்கூடச் சொல்லவில்லை. அன்று லச்சிக்கும் முடியெடுத்து மொட்டை போடப் போகிறோம். முகூர்த்த நாள், அங்கே இன்னும் ஏழெட்டு வீட்டுப் பிள்ளைகள் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும். அழுகைச் சத்தம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அத்தனைக்கும் நடுவில் எது என் குழந்தை என்று எனக்குத் தெரியாது மச்சான். நான் பெற்ற பிள்ளையைத் தேடிக்கொண்டு நிற்பேன். உங்கள் மடியில் இருப்பவள்தான் என் மகள் என்று இருந்தால் நான் நேராக வந்துவிடுவேன்.

வந்து உட்காருங்கள்.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
ராஜசேகர்