டெல்ஃபினின் பனிக்கால மூட்டை

டிசம்பர் 2, ஞாயிறு

ஃப்ரிட்ஜ் வரை போக எனக்கே ஒரு வரைபடம் தேவைப்படுகிறது. சமையலறைத் தரை முழுக்க டெல்ஃபின் கடை விரித்திருக்கிறாள். தூக்கப்பை, கூடாரம், பனிச்சப்பாத்து, கயிறு, கம்பளிக் காலுறை. ஒரு பியர் எடுப்பதற்குள் மூன்று இடத்தில் தாண்டிக் குதித்தேன். நான் குதித்தால் அலமாரியில் தட்டுகள் பேசும். என் உடம்பு அப்படி.

பதினோரு கோடையாக என் பெண்டாட்டியும் அவள் தங்கை இவெட்டும் பல மாநிலம் தாண்டிப் போகும் அப்பலாச்சியன் மலை நடைபாதையைத் துண்டு துண்டாக நடந்து வருகிறார்கள். எங்கள் மாநிலத்தில் ஒரே ஒரு துண்டுதான் பாக்கி. கெட்டில் கணவாயில் ஏறி, மொட்டைத்தலை மலையைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்குவது. நடுவில் ஒரு பள்ளம். அதில் வீடு அளவுக்குப் பாறைகள் உருண்டு கிடக்கும். கோடையில் எலி மாதிரி சந்துக்குள் புகுந்து புகுந்து வர வேண்டும். டெல்ஃபினின் முழங்கால் அதற்கு ஒத்துவராது. மார்ச் மாதம் அந்த முழங்காலை அறுக்கிறார்கள். அறுத்தபின் இந்த மாதிரி இடம் ஜன்மத்துக்கும் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஜனவரியிலேயே போகிறார்களாம். பனி விழுந்து சந்துகளை அடைத்திருக்கும், மேலேயே நடந்து போய்விடலாமாம்.

"விறைச்சுப் போவே" என்றேன்.

"நானா? ஐம்பத்திரண்டு வயசுல ராத்திரி பூரா உடம்பு கொதிக்குது. எனக்குப் பனிதான்யா சரி."

வருகிறாயா என்று என்னைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நானே கேட்டேன்.

"உன்னைக் கூட்டிட்டுப் போனா, மலையில தூங்கற கரடியெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்கும்."

டிசம்பர் 9, ஞாயிறு

எடை பார்க்கிறாள். கராஜில் மான் தொங்கவிடும் கொக்கியில் மீன் தராசை மாட்டி, ஒவ்வொரு பொருளாகத் தொங்கவிடுகிறாள். இன்று பல் பிரஷ்ஷின் காம்பை ரம்பத்தால் அறுத்தாள். பாதி பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டி, "பாத்தியா, குறைஞ்சுது" என்றாள்.

"இதுக்கு ஒரு டோனட் குறைச்சுத் தின்னிருக்கலாமே."

"உன் வயித்துல பாதி குறைச்சா நான் கட்டிலையே தூக்கிட்டுப் போவேன்."

இவெட் அங்கேதான் இருந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் ஊரில் டோனட் கடை வைத்திருப்பவள். என் வயிற்றில் பாதி அவள் கட்டியது.

டிசம்பர் 16, ஞாயிறு

நேற்று ஒத்திகை. கொல்லைப்புறத்தில் கூடாரம் போட்டு அக்காளும் தங்கையும் படுத்தார்கள். பத்தடி தள்ளி சூடான வீடு, கட்டில், நான். அதையெல்லாம் விட்டுவிட்டு.

விடிந்ததும் ஜன்னலைத் திறந்து, "அம்மணிங்களா, மலை உச்சி எப்படி இருக்கு?" என்றேன்.

அவர்கள் முறைகளைக் கேட்டால் சிரிப்பு வரும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கிறார்கள், வாய்ப்பக்கம் உறையக்கூடாதாம். சப்பாத்தைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறார்கள், வெளியே விட்டால் காலையில் கல்லாகிவிடுமாம். இருபத்தாறு வருஷம் என் பக்கத்தில் படுத்தவள் இப்போது சப்பாத்தோடு படுக்கிறாள்.

"சப்பாத்து குறட்டை விடாது அத்தான்" என்றாள் இவெட்.

டிசம்பர் 17, திங்கள்

நன்றாகத் தூங்கினார்களாம். அந்தக் குளிரில். எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது.

டிசம்பர் 25, செவ்வாய்

பன்றிக்கறி வைத்துச் சுட்ட அப்பம், கிரான்பெர்ரி, இவெட்டின் மேப்பிள் இனிப்பு. மேசையில் பேச்செல்லாம் அந்த மலைதான். புத்தாண்டுக்குப் பிறகு ஒரு வாரம் இவெட் கடையை மூடுவாள், வழக்கம். அந்த வாரம்தான் பயணம். கூடாரம் தங்கைக்கு, அடுப்பும் பாத்திரமும் அக்காளுக்கு. இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு.

"ஒரே ஒரு அடுப்பா? சண்டை வராது?"

"ஓடையெல்லாம் உறைஞ்சு கெடக்கும் அத்தான். பனியை உருக்கினாத்தான் குடிக்கவே தண்ணி. அதுக்கு அடுப்பு. ரெண்டு எதுக்குச் சுமக்கணும்?"

எனக்கு இரண்டாவது துண்டு அப்பத்தில்தான் கவனம் இருந்தது.

ஜனவரி 10, வியாழன்

நாளை புறப்பாடு. நான்தான் லாரியில் கொண்டுபோய் விடுகிறேன். மூட்டை கட்டியாகிவிட்டது, தராசில் தொங்கவிட்டு எடையும் பார்த்தாகிவிட்டது. தொட்டில் குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டுப் படுக்கப் போனாள்.

நான் சும்மா இருப்பேனா? கூட நடப்பவன் மூட்டையில் கல்லை ஒளித்துவைப்பது இந்தப் பாதையில் நடப்பவர்களின் பழைய குறும்பு, அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். கராஜ் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் ஆற்றுக்கல் ஒன்று இருக்கிறது, உருண்டையாக, அழகாக. ஆனால் தூக்கும்போது எடை கூடினால் உடனே கண்டுபிடித்துவிடுவாள். தராசோடு குடும்பம் நடத்துகிறவள் ஆயிற்றே. அதனால் அடியிலிருந்து ஒரு சிவப்புப் பையை உருவிவிட்டு அந்த இடத்தில் கல்லை வைத்தேன். சிவப்புப் பையில் அவர்கள் வழியில் தின்னும் ஓட்ஸ் கஞ்சிதான் இருக்க வேண்டும். என் லாரி சீட்டுக்கு அடியில் போட்டேன். நாளை மலையடிவாரத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் எல்லார் முன்னாலும் கல்லை எடுத்துக் காட்டி, கஞ்சியை மரியாதையோடு ஒப்படைப்பேன்.

அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 11, வெள்ளி

விடியும் முன் ரோட்டில் பனி தள்ள ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டேன். அவர்கள் இவெட்டின் காரில் போய்விட்டார்கள். மத்தியானம் பசித்தது, கஞ்சியாவது தின்னலாம் என்று சிவப்புப் பையைத் திறந்தேன்.

அடுப்பு.

போன் போகவில்லை. அடுப்போடு நானே மலைக்குப் போகிறேன்.

ஜனவரி 13, ஞாயிறு

விரல் நுனியெல்லாம் எரிகிறது. பேனா பிடிக்க முடிகிறது, அதுவே போதும்.

கெட்டில் கணவாயில் அவர்கள் கார் நின்றது. அடிச்சுவடும் தெளிவாக இருந்தது. ஏறினேன். ஜீன்ஸ், பனி தள்ளும்போது போடும் பூட்ஸ், பருத்தி பனியன். முதல் ஏற்றத்திலேயே கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டும் அளவுக்கு வியர்த்தது. பரவாயில்லையே, குளிர் என்கிறார்கள், எங்கே குளிர் என்று சிரித்தேன். ஓடைப் பக்கம் வந்தபோது கால் தொய்ந்தது. மூச்சு வாங்க ஒரு மரத்துண்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் தெரிந்தது எங்கே குளிர் என்று. நனைந்த பனியன் முதுகில் இரும்புத் தகடாகிவிட்டது. எழுந்திருக்க நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். பாட்டுப் பாடினேன்.

பனிச்சறுக்குக் கட்டையோடு ஒருவன் கீழேயிருந்து வந்தான். நின்றான்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா?"

"பஸ்ஸுக்குக் காத்திருக்கேன் தம்பி."

சிரித்துவிட்டு மேலே போய்விட்டான். அப்போது சொல்லியிருக்கலாம், முடியவில்லை தம்பி என்று. ஏன் சொல்லவில்லை? வாயில் தானாக வந்துவிட்டது. இந்த வாய்!

மேலே, நடப்பவர்கள் ராத்தங்கும் மரக் குடிசையில் அக்காளும் தங்கையும் ஜாம் ஜாம் என்று இருந்திருக்கிறார்கள். அடுப்பு இல்லை என்பது அங்கே போய்த்தான் தெரிந்ததாம். ஆனால் இரண்டு காலேஜ் பெண்கள் அங்கே இருந்தார்கள், அதே வழி போகிறவர்கள். எங்கள் அடுப்பிலேயே பொங்கிக்கொள்ளுங்கள், கூடவே நடப்போம் என்று சொல்லிவிட்டார்கள். பயணம் தடைப்படாமல் நடந்திருக்கும். சூப் குடித்துக்கொண்டிருந்தபோது கட்டைக்காரன் போய்ச் சேர்ந்து, "கீழே ஒரு பெரிய மனுஷன் ஜீன்ஸ் போட்டுக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிறாரு" என்று சிரிப்பாகச் சொல்லியிருக்கிறான்.

டெல்ஃபின் சூப்பைக் கீழே வைத்தாளாம்.

கூடாரம், தூக்கப்பை எல்லாவற்றையும் மறுபடி கட்டிக்கொண்டு என்னைத் தேடி இறங்கி வந்தார்கள். என் சட்டையை உரித்தார்கள். டெல்ஃபினின் ஊதா நிறக் கம்பளி உள்ளாடையை எனக்கு மாட்டினார்கள், பாதிக்குமேல் ஏறவில்லை. நான் சுமந்து வந்த அடுப்பில் எனக்கே சர்க்கரைத் தண்ணீர் காய்ச்சினார்கள். ஒரு கிண்டல் பண்ணலாம் என்று வாயைத் திறந்தேன். பல் தாளம் போட்டது, சொல் வரவில்லை.

"கல்லை நான் வண்டி நிறுத்தற எடத்துலயே பாத்துட்டேன்" என்றாள் டெல்ஃபின். "எடுத்துக் கார்ல போட்டேன். மூட்டை இன்னும் லேசாச்சுன்னு சந்தோஷப்பட்டேன். இருபத்தாறு வருஷமா நீ எதையாவது வெப்பே. எதையும் எடுத்தது இல்லையேய்யா."

அதற்குப் பிறகு கார் வரைக்கும் அவள் பேசவில்லை. வீடு வரைக்கும் பேசவில்லை.

ஜனவரி 16, புதன்

"உப்பு?" என்றேன். "மேசையில." அவ்வளவுதான் இன்றைய பேச்சு.

தூக்கப்பையைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள். ஃப்ரிட்ஜ் வரை தாராளமாக நடக்கலாம். நடக்கப் பிடிக்கவில்லை.

ஜனவரி 19, சனி

ஊரில் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். பனி தள்ளும் ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் க்ளோவிஸ், நான் இவெட் கடைக்குள் நுழைந்ததும் எழுந்து நின்று, "பஸ் வந்துடுச்சாய்யா?" என்றான். கடை முழுக்கச் சிரித்தது. நல்ல கிண்டல்தான். நான் பண்ணியிருக்க வேண்டியது.

எல்லாரும் போனபின் இவெட்டிடம் கேட்டேன், பிப்ரவரியில் இன்னொரு தடவை போகலாமே என்று.

"எப்படி அத்தான்? பனிமேல மோட்டார் வண்டி ஓட்டற அந்தப் பனிவண்டிக்காரங்க வர்ற மாசம் அது. வருஷத்துக்கே சம்பாதிக்கற மாசம். மூட முடியுமா? அக்கா தனியாப் போக நான் விடமாட்டேன். மார்ச் வந்தா கத்தி. முடிஞ்சுது."

"டோனட் சுடறது பெர்த்தாதானே. கவுண்டர்ல நின்னு காப்பி ஊத்த ஒரு ஆள் வேணும், அவ்வளவுதானே?"

"யாரு?"

என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்னா பதில் பேசக்கூடாது அத்தான். யாரு என்ன சொன்னாலும் 'சரிங்க, வேற என்ன வேணும்'. பனிவண்டிக்காரங்க கோவிச்சுக்கிட்டு ஒரு தடவை போனா போனதுதான். முடியுமா உங்களால?"

முடியும் என்றேன். பின்னால் பெர்த்தா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "செத்தாலும் முடியாது" என்றாள்.

ஜனவரி 21, திங்கள்

பிப்ரவரியில் அவர்கள் மலையில் இருக்கும் மூன்று நாளும் எனக்குப் பதிலாக என் லாரியில் பனி தள்ள க்ளோவிஸ் ஒத்துக்கொண்டான். கூலி வேண்டாமாம். வேலை முடிந்ததும் கவுண்டரில் என் எதிரே உட்கார ஒரு ஸ்டூல் ஒதுக்கினால் போதுமாம்.

டெல்ஃபினுக்கு விஷயத்தை இவெட்தான் சொன்னாள். சாயங்காலம் பரணிலிருந்து பெட்டி இறங்கும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பிடிக்கவில்லை. பிடிக்க வா என்று அவள் கூப்பிடவும் இல்லை.

பிப்ரவரி 14, வியாழன்

மூட்டை கட்டும்போது என்னை வராந்தாவில் நிற்கச் சொன்னாள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரன், "என்னப்பா, வெளிய தள்ளிட்டாளா?" என்றான்.

ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 15, வெள்ளி

இருட்டோடு போய்விட்டார்கள். எனக்குத் தலையில் ஒரு வலைத்தொப்பி, அதன்மேல் காகிதத் தொப்பி. இவெட்டின் ஏப்ரன், ரோஜாப்பூப் போட்டது. பின்னால் முடிச்சுப் போட கயிறு எட்டவில்லை. பெர்த்தா ஒரு சரடு கட்டி நீட்டிவிட்டாள், முணுமுணுத்துக்கொண்டே.

க்ளோவிஸ் வந்து உட்கார்ந்தான். "மேடம், ஒரு காப்பி."

"சரிங்க. வேற என்ன வேணும்?"

"பஸ் எப்ப வரும்னு விசாரிக்கணும்."

நாக்கு நுனி வரை வந்தது. அவன் கட்டியவளைப் பற்றி, அவன் மூக்கைப் பற்றி, அவன் போன வருஷம் லாரியைச் சர்ச் சுவரில் ஏற்றியதைப் பற்றி. விழுங்கினேன். சூடாக இறங்கியது.

பிப்ரவரி 16, சனி

பனிவண்டிக்காரர்கள் ஒரு கூட்டம். மேப்பிள் டோனட் தீர்ந்துபோனதற்கு ஒருவன் என்னைத் தடியன் என்றான். சரிங்க என்றேன். பெர்த்தா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கென்று ஒரு டோனட்டை ஓரமாக எடுத்துவைத்தாள்.

மலைப்பக்கம் காற்று அடிக்கிறது. கடை ஜன்னலில் தெரிகிறது, உச்சியிலிருந்து பனி புகையாகக் கிளம்புகிறது. வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் கதவைத் திறக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன். அவர்கள் நாளைக்குத்தான் வருவார்கள் என்று தெரியும். இருந்தாலும்.

பிப்ரவரி 17, ஞாயிறு

மத்தியானம் கதவு திறந்தது. முதலில் மூட்டை, அப்புறம் டெல்ஃபின். பின்னால் இவெட். காற்று அறைந்து இரண்டு பேர் கன்னமும் தக்காளி. டெல்ஃபின் ஒரு காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். க்ளோவிஸ் எழுந்து தன் ஸ்டூலைக் கொடுத்தான், இன்னொன்றை இழுத்து அவள் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தான். முழங்கால் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. ஆனால் அவள் முகம்! கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"முடிச்சீங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"முடிச்சாச்சு!"

கடையே கைதட்டியது. நானும் தட்டினேன், கையில் காப்பிக் கெண்டி இருந்ததால் பாதி தரையில் போயிற்று.

சொல்ல ஆரம்பித்தாள். இவள் இவ்வளவு நன்றாகப் பேசுவாள் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் என் வாய் அவளுக்கு எங்கே இடம் விட்டது? பள்ளத்தில் பாறைகள் பனிக்கடியில் புதைந்து கிடந்ததை, இவெட் ஒரு சந்தில் இடுப்பு வரை இறங்கி, தொங்கிக்கொண்டே திட்டியதை, கையை வீசி வீசிச் சொன்னாள். ஜனங்கள் டோனட்டைக் கடிக்க மறந்து கேட்டார்கள். நான் கோப்பை கோப்பையாக ஊற்றிக்கொண்டே கேட்டேன். மொட்டைத்தலை உச்சிக்கு வந்தாள். "அங்க பாத்தா..." என்றாள். கெண்டி காலி.

உள்ளே ஓடி அடுத்த கெண்டியை வைத்துவிட்டு வருவதற்குள் கடை வெடித்துச் சிரித்தது. பெர்த்தாகூட. க்ளோவிஸ் மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான்.

"என்ன? என்ன சொன்னே?"

டெல்ஃபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். காகிதத் தொப்பியை, ரோஜாப்பூ ஏப்ரனை, பெர்த்தாவின் சரடை, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

"ஊத்துய்யா."

ஊற்றினேன். மொட்டைத்தலை உச்சியில் என்ன நடந்தது என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியாது.