நேர்ந்துவிட்ட சேவல்

இஞ்சாருங்கோ,

கடலாலை வந்து களைச்சுப் படுத்திருக்கிறியள், அதாலை எழுப்பேல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இன்னும் விடேல்லை. பிள்ளையை உங்களோடை விட்டிட்டு மருந்து எடுக்க ஆசுபத்திரிக்குப் போறன். கஞ்சி அடுப்படியிலை இருக்கு.

கோழிக்கூட்டுக்கு மேலை நனைச்ச சாக்குப் போட்டன். உந்த வெய்யிலுக்கு உடனை காயுது, திரும்பவும் நனையுங்கோ. சட்டியிலை நல்ல தண்ணி வையுங்கோ, உப்புத்தண்ணி வேண்டாம். எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிக்குதுகள். கூட்டுக்கு ஓலையைக் கழட்டித் தகரம் அடிக்க வேண்டாமெண்டு அண்டைக்கே சொன்னன். கேட்டியளே? அதுக்குக் கோவிச்சு இரண்டு நாளாய் என்னோடை கதையுமில்லை.

பிள்ளைக்குச் சுகம் வரவேணுமெண்டு அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட சேவல் செத்துப்போச்சு. பனையோலைக் கடகத்தாலை மூடியிருக்கிறன். வேறை சேவல் குடுத்தால் ஏற்பாரோ, எனக்குத் தெரியேல்லை.

யோசப்பின்

பிள்ளை எழும்பிச் சேவல் எங்கையெண்டு கேட்டால் சொல்லிப்போடாதேங்கோ. நான் அந்தோனியாருக்கே இன்னும் சொல்லேல்லை.